தட்டில் வைத்த மாத்திரை

காலை ஐந்தே கால் மணிக்கு, சமையல் மேடையில் பால் பாக்கெட் தொப்பென்று விழும் சத்தம் கேட்டது.

கணவன் வேலை முடிந்து வந்துவிட்டான். அவள் கண்ணைத் திறக்கவில்லை. இனி வரப்போகும் சத்தங்கள் எல்லாம் பழகியவை. பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல். அடுப்பு. பால் பொங்கும்போது அவன் குனிந்து ஊதுவது. கோப்பைக்குள் கரண்டி சுற்றுவது. கடைசியாக, தட்டு.

பால் பாக்கெட் போடும் ஆலையில் அவனுக்கு இரவு ஷிஃப்ட். ஆலை ஆட்களுக்குத் தினம் ஒரு பாக்கெட் இனாம். அந்தப் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்க மாட்டான். காபி குழைத்த சந்தனம் போல இருக்கும்.

"கண்ணாடி, எழுந்திரு. ஆறிடும்."

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் என்பதால் அவன் வைத்த பெயர் அது. நல்ல மனநிலையில் இருந்தால் மட்டும் கூப்பிடுவான்.

நீலக் கரை போட்ட வெள்ளைத் தட்டு. நடுவில் கோப்பை. கோப்பையின் காதுக்கு அருகே தைராய்டு மாத்திரை, உளுந்தம்பருப்பில் பாதி. அதற்குப் பக்கத்தில் கொழுத்த கால்சியம் மாத்திரை ஒன்று. அது மாமியார் தன் பங்காகத் தருவது. "பிள்ளை பெறப் போற உடம்புக்கு எலும்பு வேணாமா" என்று தன் அட்டையிலிருந்தே பிதுக்கி வைப்பாள்.

அவள் இரண்டையும் வாயில் போட்டு, காபியை மடக்கென்று குடித்தாள். அவள் விழுங்கும்வரை அவன் நின்றான். எப்போதும் நிற்பான். பிறகுதான் சட்டையைக் கழற்றுவான்.

அவன் தூங்கப் போகும் நேரம் அவள் எழும் நேரம். அவள் வீடு திரும்பும் நேரம் அவன் கிளம்பும் நேரம். இருவரும் கணவன் மனைவியாக இருப்பது இந்த ஒரு கோப்பை காபி அளவுதான். அது போதும் என்று அவள் நினைத்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை மாமியார் சாப்பாட்டு மேசையில் வைத்து, "விளையாத நிலத்துக்கு எத்தனை மூட்டை உரம் கொட்டுறது" என்றபோதுகூட, அடுத்த நாள் விடிந்ததும் வரப்போகும் காபியை நினைத்துத்தான் அவள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் அப்போது கை கழுவிக்கொண்டிருந்தான். வெகு நேரம் கழுவினான்.

"இன்னைக்கு ரத்த ரிசல்ட்" என்றாள்.

"ம்."

"நீங்களும் வர்றீங்களா?"

"தூக்கத்துல கண்ணு சொக்குது. நீ போய்ட்டு வா. இறங்கியிருக்கும்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

*

இறங்க வேண்டியது டி.எஸ்.எச். அளவு, தைராய்டு குறைந்தால் ஏறுவது. ரத்தத்தில் அது ஒரு எல்லைக்குக் கீழே வந்தால்தான் கருத்தரிப்புச் சிகிச்சையை ஆரம்பிப்போம் என்று ஆஸ்பத்திரியில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடமாக அது இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். கூட்டக் கூட்ட அவள் உடம்பு ஊதியது. தலைமுடி சீப்போடு வந்தது. பேருந்தில் நின்றுகொண்டே தூங்கினாள். மாமியார் 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்தாள். அவளுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்த வீடு.

இதற்குள் மாமியார், தைராய்டுக்கு ஆகாது என்று எங்கோ கேட்டுவிட்டு வந்து முட்டைக்கோஸுக்குத் தடை போட்டாள். பிறகு காலிஃபிளவருக்கு. பிறகு முள்ளங்கிக்கு. காய்கறிக்காரன் வண்டியில் முட்டைக்கோஸ் இருந்தால் அந்த வண்டியில் வெங்காயம்கூட வாங்க மாட்டாள். வீட்டுக்குள் எதிரி நுழையாமல் வாசலில் காவல் இருந்தாள்.

எதிரி தினம் காலையில் தட்டில் வந்துகொண்டிருந்தான்.

*

ஆஸ்பத்திரிக் கூடத்தில் சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள். இங்கே சிகிச்சை பெற்றவர்கள் அனுப்பியவை. அவள் அவற்றைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தாள். எதிரே ஒரு புருஷன் போனில் விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி அவன் தோளில் சாய்ந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுசு போலிருக்கிறது.

ரத்தம் எடுக்கும் நர்ஸம்மா அவளை உள்ளே கூப்பிட்டாள். பருத்த உடம்பு, சின்னக் குரல். டாக்டரிடம் அனுப்புமுன் எடை பார்ப்பதும் நாலு கேள்வி கேட்பதும் அவள் வேலை. இன்றைக்கு ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு எடைக் கருவியை மறந்துவிட்டாள்.

"ஏறியிருக்கும்மா."

"ஏறியிருக்கா?"

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்கதானே?"

"ஒரு நாள்கூட விட்டதில்லை."

"வெறும் வயித்துல?"

"கண் முழிச்சதும். பல் விளக்குறதுகூட அப்புறம்தான்."

இந்தக் கேள்வியை டாக்டரும் ஒவ்வொரு முறையும் கேட்பார். இந்தப் பதிலைத்தான் அவளும் சொல்லுவாள். அதோடு முடிந்துவிடும்.

நர்ஸம்மா முடிக்கவில்லை. "தண்ணியிலதானே?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதை யாரிடம் சொன்னாலும் கொஞ்சம் சிரிப்பு வரும். "காபியில. அவரே போட்டுக் கொண்டு வருவார். மாத்திரையைத் தட்டுல வெச்சு."

நர்ஸம்மாவின் கையில் பேனா நின்றது.

"காபியிலயா?"

"வேலை முடிச்சு வந்த அலுப்போட போடுவார். ஆலைப் பால். தண்ணியே கலக்காதது."

"வேற ஏதாவது சேர்த்துப் போடுவீங்களா?"

"கால்சியம். அது எங்க அத்தை குடுக்கிறது."

நர்ஸம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வெறும் வயிறுன்னா என்னம்மா அர்த்தம்?"

"சாப்பிடக்கூடாது."

"காபி?"

"காபி சாப்பாடா?"

நர்ஸம்மா பெருமூச்சு விட்டாள். "அடைமழை பெய்யுது, நீங்க அண்டாவைக் கவுத்து வெச்சிட்டு ரொம்பலை ரொம்பலைன்னு பார்க்குறீங்க. பாலும் கால்சியமும் இந்த மருந்தைக் கையைப் பிடிச்சு நிறுத்திடும். காபியும் அப்படித்தான். வெறும் தண்ணியில போட்டு, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் எதுவும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் மத்தியானத்துக்கு மேல. குறைஞ்சது நாலு மணி நேரமாவது தள்ளி."

அவள் மடியில் கைப்பையின் வாரை முறுக்கினாள்.

"இதை யாருமே எனக்குச் சொல்லலையே."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே."

"எப்போ?"

"முதல் நாள். நீங்க ஸ்கேனுக்கு உள்ளே போயிருந்தீங்க. அவர் இதோ, இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தார். எல்லாம் சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்கு. இங்க வர்ற ஆம்பளைங்க வாயைத் திறந்தா கொட்டாவிக்குத்தான் திறப்பாங்க. அவர் ஒருத்தர்தான் கேள்வி கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"காபியோட குடுத்தா என்ன ஆகும்னு கேட்டார். கொடுக்கிறதும் குப்பையில போடுறதும் ஒண்ணுதான்னு சொன்னேன்." நர்ஸம்மா பேனாவை எடுத்தாள். "பொறுப்பான மனுஷன்னு நினைச்சேன். மறந்துட்டார் போல."

அவள் சரி என்பது போலத் தலையசைத்தாள். மறந்திருப்பார். மனுஷன்தானே.

டாக்டரம்மா வயதில் சின்னவள். நர்ஸம்மா சொன்னதைக் கேட்டதும் அவளுக்கே முகம் சிவந்தது. இத்தனை முறை அளவைக் கூட்டியவள் அவள்தான்.

"நானும் இன்னும் கேட்டிருக்கணும்" என்றாள். "சரி. இப்ப போடுற அளவு ரொம்ப அதிகம். காபியை நிறுத்திட்டு இதையே போட்டா எல்லாம் ஒரேயடியா உடம்புல ஏறி, நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். குறைச்சு எழுதறேன். தண்ணியில போடுங்க. ஆறு வாரம் கழிச்சு ரத்தம் எடுப்போம். அதுக்கு முன்னாடி எடுத்தா சரியாத் தெரியாது."

"முட்டைக்கோஸ்கூட சாப்பிடறதில்லை டாக்டர்."

ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வேக வெச்சுத் தாராளமாச் சாப்பிடுங்க. அதுல ஒண்ணும் இல்லை."

"அடுத்த மாசம் என் பிறந்தநாள்."

டாக்டரம்மா ஃபைலைத் திறந்தாள். அதில் என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். நாற்பத்திரண்டு முடிந்தவர்களுக்கு இந்த ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சையை ஆரம்பிப்பதில்லை. அடுத்த மாதம் அவளுக்கு நாற்பத்திரண்டு முடிகிறது. அது தாண்டித்தான் ரத்தப் பரிசோதனை.

"பெரிய டாக்டர்கிட்ட பேசிப் பார்க்கறேன்" என்றாள் டாக்டரம்மா, ஃபைலைப் பார்த்துக்கொண்டே.

*

கடைக்குப் போனபோது பதினொன்றைத் தாண்டியிருந்தது. கல்லாவில் இருப்பவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க மகாராணி. படுக்கையில காபி வர்ற ஆளு லேட்டாத்தான் வரணும். எங்க வீட்டு ஆளு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே கேப்பான்."

வழக்கமாக அவள் இதற்குச் சிரிப்பாள். இன்றைக்குச் சிரிக்காமல் பின்னறைக்குப் போனாள்.

பள்ளி வாத்தியார் ஒருவரின் கண்ணாடி காத்திருந்தது. லென்ஸைக் கருவியில் வைத்து அச்சு பார்த்து, மையில் மூன்று புள்ளி வைத்தாள். சக்கரத்தில் விளிம்பைச் சீவினாள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கண்ணாடித் தூள் வெள்ளையாக வடிந்தது. பால் போல.

மறந்திருப்பார்.

தினம் காபி போட்டு எழுப்புகிறவர், காபியைப் பற்றி நர்ஸம்மா சொன்னதை மறந்திருப்பார். நர்ஸம்மா சொன்னபோதே அந்தப் பழக்கம் இருந்திருக்கும். அதனால்தான் அந்தக் கேள்வி கேட்டிருப்பார். காபியோடு கொடுத்தால் என்ன ஆகும் என்று.

அவள் சட்டத்தைச் சூடுகாற்றில் காட்டி இளக்கினாள். லென்ஸை ஒரு ஓரத்தில் நுழைத்து, மறு ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

அந்தப் பழக்கம் எப்போது ஆரம்பித்தது?

கல்யாணமான புதிதில் அவன் காபி போட்டதில்லை. ஆலை வாசலில் கூட்டாளிகளோடு டீ குடித்துவிட்டு வருவான். வந்ததும் படுத்துவிடுவான். இனாம் பாக்கெட்டைக் கீழ்வீட்டுக்காரி வாங்கிக்கொள்வாள். அந்த வீட்டில் அப்போது டம்ளர்கள்தான் இருந்தன. கோப்பை கிடையாது. தட்டு கிடையாது.

தட்டு வாங்கிய இடம் ஞாபகம் வந்தது. பாலத்துக்குக் கீழே, பீங்கான் சாமான்களைத் தரையில் பரப்பி விற்கும் கடை. அவன் வண்டியை நிறுத்திவிட்டுத் தானே குனிந்து பொறுக்கினான். நீலக் கரை போட்டது. "நாளையிலிருந்து உனக்கு நான்தான் காபி" என்றான். வண்டியின் பின்னால் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அதோடு மருந்துக் கடைப் பையும் இருந்தது. முதல் அட்டை தைராய்டு மாத்திரை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும் வழி அது. முதல் நாள்.

லென்ஸ் 'டக்' என்று சட்டத்துக்குள் விழுந்தது.

அவள் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கீறல் இல்லை. அச்சு நேராக இருந்தது. போன மாதம் மூன்று கண்ணாடியில் இடம் வலம் மாற்றிவிட்டு முதலாளியிடம் வசவு வாங்கினவள். இன்றைக்கு ஒன்றும் பிசகவில்லை.

வெளியே வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

"அடேயப்பா. இந்தப் பலகையில எழுத்து இருக்குன்னே இன்னைக்குத்தான் தெரியுது."

"மொதல்ல கொஞ்சம் கண்ணு கூசும் சார்" என்றாள் அவள். "போகப் போகப் பழகிடும்."

*

மாமியார் கூடத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அவன் இன்னும் எழவில்லை.

"என்ன சொன்னா டாக்டர்?"

"முட்டைக்கோஸ் சாப்பிடலாமாம்."

"இதைச் சொல்லத்தான் அவ்வளவு படிச்சாளாக்கும்." ஒரு காயை நெரித்தாள். "இறங்குச்சா, இல்லையா?"

"ஏறியிருக்கு."

மாமியாரின் கை நின்றது. திட்டு வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. கிழவியின் வாய் கோணியது. அழுகைக்கு முன்னால் வரும் கோணல்.

"நானும் என் மாத்திரையை எல்லாம் உனக்குத்தான் குடுக்கறேன். முழங்கால் நோகுதுன்னு ஒரு நாள் சொல்லியிருப்பேனா?"

உண்மைதான். ஒரு நாளும் சொன்னதில்லை. இந்தக் குழந்தையை இந்த வீட்டில் யாரைவிடவும் அதிகமாக விரும்பியவள் தன் எலும்பைப் பிதுக்கிப் பிதுக்கி அதன் வழியை அடைத்திருக்கிறாள். சொன்னால் தாங்க மாட்டாள். சொல்லிவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. உரம், நிலம் என்றவள்தானே.

"இனிமே கால்சியத்தை நீங்களே போட்டுக்கோங்க அத்தை" என்று மட்டும் சொன்னாள். "எனக்கு வேண்டாமாம்."

"ஏன்?"

"சேரலையாம்."

அவளும் உட்கார்ந்து ஒரு கைப்பிடி பட்டாணியை எடுத்தாள். இருவரும் கொஞ்ச நேரம் உரித்தார்கள்.

"அத்தை, அவருக்குக் குழந்தைங்கன்னா பிடிக்குமா?"

"இதென்ன கேள்வி, கட்டி இத்தனை வருஷம் கழிச்சு."

"எந்த வீட்டுக்குப் போனாலும் குழந்தையைத் தூக்கிட்டு வந்தா, வண்டியைப் பார்த்துட்டு வர்றேன்னு வெளியே போயிடுறார்."

மாமியார் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சின்னவனை இவன்தான் இடுப்பை விட்டு இறக்காமத் திரிவான். காய்ச்சல்ல போனானே, அப்ப நான் வேலைக்குப் போயிருந்தேன். வந்து பார்க்கறேன், இவன் மடியில போட்டுத் தட்டிக்கிட்டு இருக்கான். தூங்குறான்மா, சத்தம் போடாதேங்கறான்." பட்டாணித் தோலை அள்ளி முறத்தின் ஓரத்தில் தள்ளினாள். "அதுக்கப்புறம் எந்தப் பிள்ளையையும் தொட்டதில்லை. தன் பிள்ளைன்னு வந்தா எல்லாம் சரியாயிடும்னுதான் உன்னைக் கட்டி வெச்சேன்."

அவனுக்குச் சின்னவன் என்று ஒரு தம்பி இருந்தான் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

அவளுக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. வந்ததும் அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. ஒரு சொல் போதுமே. எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு சொல். இரண்டு வருடம் அவள் உடம்பை ஊத விட்டு, முடியைக் கொட்ட விட்டு, ஊரெல்லாம் மலடி என்று பேச விட்டு, அவன் தினம் காலையில் தட்டோடு வந்து நின்றான். விழுங்கும்வரை நின்றான்.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"தூங்குமூஞ்சி அப்படித்தான் இருக்கும் அத்தை."

*

உள்ளே கட்டில் முனகியது. அவன் எழுந்துவிட்டான். குளியலறையில் தண்ணீர் விழுந்தது.

அவள் சமையலறைக்குப் போனாள். காலைப் பாலில் மிச்சம் இருந்தது. தண்ணீர் கலக்காமல் காய்ச்சினாள். பொங்கும்போது ஊதவில்லை. அடுப்பை அணைத்துக் காபி கலந்தாள். நீலக் கரைத் தட்டைக் கழுவித் துடைத்து, நடுவில் கோப்பையை வைத்தாள். பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். கோப்பையின் காதுக்கு அருகே வைத்தாள். அவன் வைக்கும் அதே இடம்.

அவன் ஆலைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்து மேசையில் உட்கார்ந்தான்.

"என்ன சொன்னாங்க கண்ணாடி?"

அவள் தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"எனக்கா? நீ காபி போட்டு எவ்வளவு நாளாச்சு." சிரித்தான். கோப்பையை எடுக்கக் கை நீட்டினான். மாத்திரையைப் பார்த்ததும் கை பாதி வழியில் நின்றது. "இது உன்னோடதுல்ல. சாயங்காலம் எதுக்கு எடுத்து வெச்சே?"

"ஏறியிருக்காம்."

"அப்படியா." கடைசிப் பொத்தானைத் தேடினான். அது ஏற்கெனவே போட்டிருந்தது. "மாத்திரையைக் கூட்டித் தருவாங்க."

"இல்லை. குறைச்சிருக்காங்க."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. காபியின் மேல் மெல்ல ஆடை படிந்துகொண்டிருந்தது. கூடத்தில் பட்டாணி உரிபடும் சத்தம் நின்றிருந்தது.

"ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்றான்.

"பதில் சொல்லிட்டுப் போங்க."

"நீ எதுவும் கேக்கலையே."

அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தட்டை ஒரு விரலால் அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

"நான் கேக்கலை. நர்ஸம்மாகிட்ட அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீங்களாமே, அதை இப்போ என்கிட்ட கேளுங்க."